பாட்டுக்கு முன்னால் ஒலித்த குரல்

78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டுதான் அடங்கும். படத்தில் பாட்டு ஐந்து நிமிடம் ஓடினால் தட்டுக்காக அதைச் சுருக்கினார்கள். அல்லது முதல் பாதியை ஒரு பக்கத்திலும் மறுபாதியை மறுபக்கத்திலும் பதித்தார்கள். அந்தத் தட்டை ஒலிபரப்பும் அறிவிப்பாளரின் முன் இரண்டு சுழல்மேசைகள் இருக்கும். ஒன்றில் பாட்டு ஓடும்போதே மற்றதில் அடுத்த தட்டை வைத்து, ஊசியை இறக்கி, முதல் ஒலி காதில் விழுந்ததும் தட்டைக் கையால் அரைச் சுற்றுப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொள்வார். அடியில் மேசை சுழன்றுகொண்டே இருக்கும். நடுவில் மெத்தென்ற துணி. தட்டு மட்டும் விரல்நுனியில் அசையாமல் நிற்கும். பேச வேண்டிய கடைசிச் சொல் முடிந்ததும் விரலை எடுத்தால் பாட்டு பிசிறில்லாமல் தொடங்கும். இரு பக்கப் பாட்டாக இருந்து, நிலையத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருந்தால், தட்டைத் திருப்பிப் போடும் நேரத்தை ஒரு வாக்கியத்தால் நிரப்ப வேண்டும்.

அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அரை மணி நேர நிகழ்ச்சியில் எட்டுத் தட்டுகள் ஓடினால் இருபத்துநான்கு நிமிடங்கள் பாட்டுக்குப் போய்விடும். மிஞ்சுவது ஆறு நிமிடம். எட்டுத் தட்டுகள் வெறும் அடுக்காக இருக்கின்றனவா, ஒரு நிகழ்ச்சியாக மாறுகின்றனவா என்பதை அந்த ஆறு நிமிடம்தான் தீர்மானிக்கிறது. பழைய பாடல்களை மழை, கடிதம், பிரிவு, ரயில் என்று ஒரு பொருளில் கோத்து, அவை பிறந்த காலத்தையும் சேர்த்துச் சொல்லும் வானொலி நிகழ்ச்சிகளை நாம் பாட்டுக்காகவே நினைவில் வைத்திருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். என் எண்ணம் வேறு. பாட்டு எங்கும் கிடைக்கும். அந்த ஆறு நிமிடம் வேறெங்கும் கிடைக்காது.

இந்த வடிவம் பிறந்ததே ஒரு இடைவெளியை நிரப்பத்தான். 1935-இன் தொடக்கத்தில் அமெரிக்கா முழுவதும் ஒரு வழக்கைக் கவனித்துக்கொண்டிருந்தது. விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தையைக் கடத்திக் கொன்ற வழக்கு அது. நியூயார்க்கின் டபிள்யூ.என்.இ.டபிள்யூ. நிலையம் நீதிமன்றச் செய்திகளை அவ்வப்போது ஒலிபரப்பியது. செய்திக்கும் செய்திக்கும் நடுவே வெறுமை. மார்ட்டின் பிளாக் என்ற அறிவிப்பாளர் அந்த வெறுமையில் கடையில் வாங்கிய தட்டுகளைப் போட்டார். போட்டதோடு நிற்கவில்லை. பெரிய நடன மண்டபம் ஒன்றில் தான் நிற்பது போலவும், இசைக்குழு எதிரிலேயே வாசிப்பது போலவும் பேசினார். கற்பனை நடன மண்டபம் என்பதுதான் நிகழ்ச்சியின் பெயரும். லாஸ் ஏஞ்சலிஸில் ஆல் ஜார்விஸ் இதே முறையை அவருக்கு முன்பே கையாண்டிருந்தார். பிளாக் அதை நாடறியச் செய்தார். அங்கே மண்டபமும் இல்லை, இசைக்குழுவும் இல்லை. இருந்தது தட்டும் பேச்சும்தான்.

இசைத்தட்டு நிறுவனங்களுக்கு இது பிடிக்கவில்லை. இலவசமாக வானொலியில் கேட்கிறவர் காசு கொடுத்துத் தட்டு வாங்குவாரா என்று அஞ்சின. வானொலியில் ஒலிபரப்ப உரிமையில்லை என்று தட்டின் ஒட்டுத்தாளிலேயே அச்சிட்டன. பால் ஒயிட்மேன் என்ற இசைக்குழுத் தலைவரின் பெயரால் அறியப்படும் வழக்கில், 1940-இல் நீதிபதி லேர்னட் ஹாண்ட் அளித்த தீர்ப்பு அந்த எச்சரிக்கைக்கு வலுவில்லாமல் செய்தது: விற்ற தட்டை ஒலிபரப்பக் கூடாது என்று தடுக்க முடியாது. இரண்டே ஆண்டுகளில் வேறொரு தடை வந்தது. 1942 ஆகஸ்ட் முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவையே புறக்கணித்தது. பெரிய நிறுவனங்கள் இரண்டு 1944 நவம்பர் வரை இறங்கிவரவில்லை. புதுத் தட்டுகளின் வரத்து வற்றிப்போன அந்தக் காலத்தில் இருக்கும் தட்டுகளையே திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது. ஒரே தட்டைத் திரும்பப் போட வேண்டுமானால் அதைப் பற்றிச் சொல்லப் புதிதாக ஏதாவது வேண்டும். பொருள்வழி நிகழ்ச்சியின் வேர் இந்தப் பற்றாக்குறையில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நம் பக்கத்துக் கதையும் இதையே காட்டுகிறது.

இந்தியாவில் நடந்த சண்டை இன்னும் நேரடியானது. பாட்டுக்கு முன்னால் என்ன சொல்லலாம் என்பதைப் பற்றியே நடந்த சண்டை அது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சாஸ்திரிய இசை பயின்றவர். திரைப்பாடல் மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடலின் நேரம் குறைக்கப்பட்டது. மிஞ்சிய பாடல்களுக்கும் படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, பாடியவர் பெயர் போதும் என்றார்கள். அரசு வானொலி படத்தின் பெயரைச் சொன்னால் அது தயாரிப்பாளருக்குச் செய்யும் இலவச விளம்பரம் ஆகிவிடும் என்பது அவர்கள் வாதம். பெயர் இல்லையென்றால் பாட்டும் இல்லை என்று தயாரிப்பாளர்கள் உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். விரைவிலேயே திரைப்பாடல் அந்த அலைவரிசைகளில் ஏறத்தாழ இல்லாமலே போனது.

அந்த இடத்தை நிரப்ப நிலையங்களில் மெல்லிசைக் குழுக்கள் அமைந்தன. 1952 ஜூலையில் சங்கீதத்துக்கென்று தேசிய நிகழ்ச்சி தொடங்கியது. ரவிசங்கரும் டி.கே. ஜெயராம ஐயரும் நடத்திய வாத்திய விருந்தம் என்ற இசைக்குழுவும் அந்த ஆண்டில்தான் உருவானது. கேஸ்கரை வில்லனாக மட்டும் பார்ப்பது சரியில்லை. கச்சேரியை வீட்டுக்குள் கொண்டுவந்ததில் அந்தக் கொள்கைக்கும் பங்குண்டு. ஆனால் கேட்பவர்கள் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பிவிட்டார்கள். முள் போய் நின்ற இடம் கொழும்பு, அதாவது இலங்கை வானொலி.

கொழும்புக்கு அந்த வலு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1925 டிசம்பரில் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் துறைப் பொறியாளரின் முயற்சியால் தொடங்கிய சிறு நிலையம் அது. 1944-இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. ஆசியா முழுதும் பரவிக் கிடந்த படைவீரர்களுக்கு ஒலிபரப்புவதற்காகக் கொழும்புக்கு வடக்கே ஏகலவில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்புக் கருவி நிறுவப்பட்டது. போர் முடிந்து படை கலைந்தது. கருவி இலங்கையிடம் வந்து சேர்ந்தது. ஒரு சிறு தீவின் கையில் கண்டத்தையே எட்டும் குரல். 1950-இல் அதில் வர்த்தக சேவை தொடங்கியது. கொழும்புத் திட்டம் என்ற நாடுகளிடை உதவித் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபோர்ட் டாட் அதை வளர்த்தெடுத்தார். 1952 டிசம்பரில் அமீன் சயானி என்ற அறிவிப்பாளரின் பினாக்கா கீத்மாலா என்ற ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. பற்பசை நிறுவனம் பணம் கொடுத்தது. மும்பையில் பதிவான ஒலிநாடா விமானத்தில் கொழும்புக்குப் போனது. அங்கிருந்து இந்தியா முழுக்கத் திரும்பி வந்தது. டெல்லி தடுத்த பாட்டு இப்படிக் கடல் தாண்டிப் போய் வீடு திரும்பியது.

கொழும்பு அறிவிப்பாளர்களிடம் எனக்கு மிகவும் பிடித்த பண்பு, அவர்கள் எல்லாப் பெயரையும் சொன்னதுதான். படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர். இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிய வேண்டுமானால் 1949-க்குப் போக வேண்டும். மஹல் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய ஆயேகா ஆனேவாலா பாட்டின் தட்டில் பாடியவர் என்று அச்சாகியிருந்த பெயர் காமினி. அது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். பாத்திரமே பாடியதாகத் தட்டு சொன்னது. யார் இந்தக் குரல் என்று கேட்டு வானொலி நிலையத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. நிலையம் நிறுவனத்திடம் விசாரித்து, லதாவின் பெயரை ஒலிபரப்பில் சொன்னது. ஒட்டுத்தாள் மறைத்ததை அறிவிப்பாளரின் ஒரு வாக்கியம் வெளியே கொண்டுவந்தது. இன்று அந்தத் தட்டைக் கையில் எடுத்துப் பார்க்கும் இளைஞருக்கு, பின்னணிப் பாடகிக்குப் பெயரே இல்லாதிருந்த ஒரு காலம் அந்த வட்டக் காகிதத்தில் அப்படியே இருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். இல்லையென்றால் அது வெறும் அச்சுப்பிழை போலத் தெரியும்.

இலங்கை வானொலியின் ஹிந்திப் பிரிவில் காலையில் பழைய படப் பாடல்கள் வரும். அந்த நிகழ்ச்சி எட்டு மணிக்கு முடியும்போது கடைசிப் பாட்டு கே.எல். சைகல் பாடியதாகத்தான் இருக்கும். சைகல் 1947 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். அதன் பிறகு ஆண்டுக்கணக்காக, ஒவ்வொரு நாள் காலையும், அவர் குரலோடு நிகழ்ச்சி முடிந்தது. சைகல் முடிந்தால் மணி எட்டு என்று கடிகாரம் பார்க்காமலே சொன்ன வீடுகள் வட இந்தியாவில் ஏராளம். இதே சைகல் 1930-களில் வந்த தமிழ்த் தேவதாஸ் படத்துக்காகத் தமிழிலும் பாடியிருக்கிறார். தமிழ் தெரியாத ஒருவர் ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்துப் பாடிய பாட்டை, அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டுப் போட்டால் ஒரு மாதிரிக் கேட்கும். சொல்லாமல் போட்டால் உச்சரிப்புக் குறைதான் காதில் விழும்.

தமிழ்ச் சேவைக்கு வருவோம். எஸ்.பி. மயில்வாகனம் 1950-களிலும் 60-களிலும் தமிழ்நாட்டில் சினிமா நட்சத்திரத்துக்குச் சமமாக அறியப்பட்ட குரல். பின்னால் வந்த கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்களை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நிகழ்ச்சிகளின் பெயர்களே ஒரு பட்டறையைக் காட்டும்: பொங்கும் பூம்புனல், ஒரு படப் பாட்டு, ஜோடி மாற்றம், அசலும் நகலும், இசையும் கதையும், இரவின் மடியில், பாட்டுக்குப் பாட்டு. ஹிந்தி மெட்டு தமிழுக்கு வந்த கதையை அசலும் நகலும் காதால் ஒப்பிட வைத்தது. 1950-களின் தமிழ்ப் படங்களில் இரவல் மெட்டு எவ்வளவு என்பதை எந்தக் கட்டுரையும் இவ்வளவு தெளிவாக நிறுவியிருக்க முடியாது. இசையும் கதையும் நிகழ்ச்சிக்கு நேயர்களே சிறுகதை எழுதி அனுப்பினார்கள். கதை ஒரு கட்டத்துக்கு வரும்போது பாட்டு வரும். ஆயிரம் முறை கேட்ட பாட்டு, யாரோ ஒரு பெண்ணின் கதையில் கடிதம் வராத மாலைப் பொழுதுக்குள் வந்து உட்கார்ந்ததும் புதுப் பாட்டாகிவிடும்.

இந்தப் பெயர்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒரே களஞ்சியத்தைக் கலைத்துக் கலைத்து அடுக்கும் கைகள் தெரிகின்றன. நாள் முழுதும் ஒலிபரப்ப வேண்டும். வாராவாரம் வரும் புதுப் படங்களோ சில. டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய ஒரு தட்டு காலையில் படவரிசையில் வரும், மதியம் பிறந்தநாள் வாழ்த்தில் வரும், மாலையில் ஜோடி மாற்றத்தில் வரும், இரவில் ஒரு கதைக்குள் வரும். பொருள் மாறும்தோறும் காது வேறொன்றைப் பிடிக்கும். பணமும் தட்டும் குறைவாக இருந்த இடத்தில் கற்பனையால் செய்த ஈடு அது.

வேதாரண்யம் பக்கத்தில் என் தாத்தா வீட்டில் கொழும்பு, திருச்சியைவிடத் தெளிவாகக் கேட்கும். சிறுவனாக எனக்கு அது மாயமாக இருந்தது. காரணம் எளியது. மத்திய அலை நிலத்தை ஒட்டிப் பரவும்போது வறண்ட மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடல்மேல் வரும் அலை அவ்வளவாக இளைப்பதில்லை. சிற்றலை வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் தொலைவுக்குப் போகும். ஆனால் அது ஏறும் இறங்கும். பாட்டு அலைபோல வந்து வந்து போவதைக் கேட்டே வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு அந்த ஏற்ற இறக்கமும் பாட்டின் ஒரு பகுதிதான்.

பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சி எங்களுக்கு ஒரு புவியியல் பாடம். பருத்தித்துறை, மட்டக்களப்பு, ஹட்டன், பதுளை. வாழ்த்துவோர் பட்டியலில் அம்மம்மா, அப்பப்பா, அம்மப்பா, அப்பம்மா என்று வரும்போது தாத்தா பாட்டி என்று மட்டுமே சொல்லிப் பழகிய எங்களுக்கு அந்தச் சொற்கள் எல்லாம் மிகச் சரியாகப் பொருந்துவதாகத் தோன்றும். தாய்வழியா தந்தைவழியா என்று அங்கே யாரும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் குரல்கள் வந்த ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அந்தப் பாடல்கள் சொல்லவில்லை. 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம். 1958-இல் தமிழர்கள்மீது வன்முறை. 1964-இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத் தமிழர்கள் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இரு அரசுகளும் முடிவு செய்தன. ஹட்டனிலிருந்து வாழ்த்துப் பாட்டு கேட்ட குடும்பங்கள் பல அந்த எண்ணிக்கைக்குள் இருந்தன. அதே ஆண்டு டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கிப் படகில் தலைமன்னார் போய்ச் சேரலாம் என்றிருந்த, 1914 முதல் ஓடிய வழி அன்றோடு அறுந்தது. அலை மட்டும் தடையின்றி வந்துகொண்டிருந்தது.

இதனால்தான் பழைய பாட்டு நிகழ்ச்சிகளில் பொற்காலம் என்ற சொல் வரும்போது எனக்கு மனம் சுளிக்கிறது. ஆண்டு சொல்லாத ஏக்கம் வெறும் சர்க்கரை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் உழவுப் பாட்டைப் போடுகிறவர், அவர் 1959-இல் இருபத்தொன்பது வயதில் இறந்துபோனவர் என்பதையும், சென்னை மாகாணத்தில் உணவுக் கட்டுப்பாட்டை ராஜாஜி 1952-இல் நீக்கும்வரை அரிசிக்கு ரேஷன் அட்டையோடு வரிசையில் நின்ற மக்கள்தான் அந்தப் பாட்டை முதலில் கேட்டவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கையில் அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதை எதிர்த்து 1953 ஆகஸ்டில் ஹர்த்தால் நடந்தது; பிறகு பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அரிசி என்ற ஒரு பொருளை எடுத்துக்கொண்டு இரு கரைப் பாடல்களையும் கோத்தால் அந்த அரை மணி நேரத்தில் அந்தப் பத்தாண்டே வந்துவிடும். இதற்கு ஆறு நிமிடப் பேச்சு போதும்.

1957 அக்டோபர் 3-இல் அகில இந்திய வானொலியின் பாடல் சேவையான விவித பாரதி தொடங்கியபோது டெல்லி தன் தவற்றைத் திருத்திக்கொண்டது. மறந்துபோன பாடல்களுக்கென்றே அதில் பூலே பிஸ்ரே கீத் வந்தது. கேஸ்கர் அப்போதும் அமைச்சர்தான் என்பது பலருக்கு மறந்துவிட்டது.

இப்போது வருத்தமான செய்தி. தட்டுகள் பெரும்பாலும் தப்பிவிட்டன. நிலைய நூலகங்களில், சேகரிப்பாளர் வீடுகளில், கணினியில் ஏற்றப்பட்டு இணையத்தில் எல்லாம் இருக்கின்றன. பேச்சு போய்விட்டது. நேரலையாகப் பேசியவை பதிவாகவே இல்லை. பதிவானவையும், ஒலிநாடா விலை அதிகம் என்பதால் அழிக்கப்பட்டு அதன்மேல் வேறொன்று பதிக்கப்பட்டது. உலகம் முழுக்க இதுதான் வழக்கம். விருந்தினர் ஒருவர் ஆளில்லாத் தீவுக்குக் கொண்டுபோக எட்டு இசைத்தட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியை பி.பி.சி. 1942 ஜனவரி முதல் நடத்திவருகிறது. அதன் ஆரம்ப ஆண்டுகளின் ஒலிப்பதிவுகள் பெரும்பாலானவை இன்று இல்லை. எந்த எட்டு தட்டு என்ற பட்டியல் இருக்கிறது. ஏன் அந்தத் தட்டு என்று அவர்கள் சொன்ன குரல் இல்லை.

பேச்சின் மதிப்பை உணர்ந்து இந்த வடிவத்தை மீட்டவர்களில் பாப் டிலன் ஒருவர். 2006 மே மாதம் முதல் 2009 ஏப்ரல் வரை அமெரிக்கச் செயற்கைக்கோள் வானொலி ஒன்றில் வாரம் ஒரு பொருளாக 100 நிகழ்ச்சிகள் நடத்தினார். முதல் வாரம் வானிலை, பிறகு அம்மா, குடி, பேஸ்பால், காப்பி. பாடல்களில் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. நடுநடுவே பாடகர்களின் வாழ்க்கை, ஒரு கவிதை, ஒரு சமையல் குறிப்பு. அதே பாடல்களைப் பட்டியலாக யாரும் இன்று கைபேசியில் ஓடவிடலாம். ஓடவிட்டும் பார்த்தேன். எட்டாவது பாட்டில் கவனம் கலைந்துவிட்டது.

என் மாமா ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். இலங்கை வானொலியில் பாட்டு தொடங்குமுன் சொல்லப்படும் விவரங்களை அதில் எழுதுவார். ஒரு வரி ஒரு பாட்டுக்கு: படம், பாடியவர், கவிஞர், இசை. கடைசிக் கட்டத்தில் அறிவிப்பாளர் சொன்னதில் ஏதாவது பிடித்திருந்தால் நாலு சொல். பென்சிலில் எழுதியதால் பல இடங்களில் மங்கிவிட்டது. நோட்டிலுள்ள பாடல்களில் ஏறத்தாழ எல்லாவற்றையும் ஒரு மாலையில் இணையத்தில் தேடி எடுத்துவிட்டேன். கடைசிக் கட்டம் நிரம்பிய வரிகளின் எதிரே அந்த நாலு சொல் மட்டும்தான் இருக்கிறது. ஒரு பக்கத்தில் அந்தக் கட்டம் முழுக்கக் காலி. மேலே தேதிக்குப் பக்கத்தில் மாமா எழுதியிருக்கிறார்: ‘மழை. பாட்டு மட்டும் கேட்டது.’